மிஷின் நின்ற நாளில் பாடியது

“வருசத்துல ஒரு நாள்தான் கண்ணு மிசினு நிக்குது. அன்னைக்கும் வந்து எங்க காதுல கத்தோணுமா நீயி?”

அம்மா இப்படிக் கேட்டது போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் காலனி வீட்டின் சமையல் மூலையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். ‘பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று கேட்டிருந்தால் அதற்குப் பதில் என்னிடம் எப்போதும் தயார். ஆனால் அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

நான் ஒரு பேண்டில் பாடுகிறவள். ‘பாப் பங்க்’ என்று சொல்வார்கள். கிடாரில் ‘கார்டு’ என்கிற சுரக்கூட்டு மூன்று நான்குதான் இருக்கும், டிரம்ஸ் ஓடுகிற வேகத்துக்கு மூச்சு வாங்கும், கோபமான விஷயத்தைச் சிரித்துக்கொண்டே கத்திப் பாடுவோம். தெரியாதவர்கள் காதுக்கு அது வெறும் இரைச்சல். அம்மாவுக்கும் அப்படித்தான்.

அம்மா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஏற்றுமதிக்குப் போகிற டி-ஷர்ட்டுகளுக்குத் தோள்பட்டையை மட்டும் தைப்பார். அங்கே ஒரு சட்டையை ஒரே ஆள் தைப்பதில்லை. மிஷின்கள் வரிசையாக இருக்கும். ஒருவர் தோள், அடுத்தவர் கழுத்து, அதற்கடுத்தவர் கை என்று துணி நகர்ந்துகொண்டே போய் வரிசையின் கடைசியில் சட்டையாக வெளியே வரும். சூப்பர்வைசர்கள் டெய்லர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. “ஏம்மா ஷோல்டர், பண்டல் தேங்குது பாரு”, “நெக்கு, எங்க போனே?” என்றுதான் குரல் வரும். அம்மா அந்த ஹாலில் பல வருடங்களாக ‘ஷோல்டர்’. இளம் பெண்களுக்கு ‘ஷோல்டர் அக்கா’.

அந்த ஹாலில் எல்லா மிஷினும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால் பேசுவார்கள். குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து, இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு ‘மத்தியானத்துக்கு என்ன கொழம்பு’, ‘அந்த மாப்பிள்ளை வேண்டாம்னுட்டாங்களாமா’ என்று முழுக்கதையும் போய்ச் சேரும். யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும்.

எனக்கும் அது வரும். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட். பகலில் ஒற்றை அறையில் அவர் தூங்க, நானும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசிக்கொள்வோம். சண்டைகூடப் போட்டிருக்கிறோம். வாய்ப்பாடு ஒப்பித்ததும் அப்படித்தான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவும் போனதில்லை. இருவருக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், முதலில் கல்லூரி போனவள், இன்று ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிறவள் எல்லாம் நான் ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

பாட்டும் அம்மாவின் கம்பெனியிலிருந்துதான் எனக்கு வந்தது. திருப்பூரில் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் உடுத்துவதெல்லாம் ரிஜெக்ட் சட்டைதான். எங்கேயாவது ஒரு தையல் விட்டிருக்கும், இல்லை பிரிண்ட் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அப்படி ஒரு கறுப்பு டி-ஷர்ட்டை நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மா கொண்டுவந்தார். முன்பக்கம் ஒரு பெண் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். முதுகில் மேலிருந்து கீழாக ஊர்ப் பெயர்கள். எல்லாம் வெளிநாட்டு ஊர்கள். ஏதோ பஸ் ரூட் என்று நினைத்தேன். செல்போனில் தேடிப் பார்த்த பிறகுதான் அது ஒரு பேண்ட் என்றும், அவை அவர்கள் பாடப்போகும் ஊர்கள் என்றும் தெரிந்தது. அவர்கள் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பெண் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு பாடவில்லை என்பது மட்டும் புரிந்தது. அந்தச் சட்டையின் தோளைத் தைத்தது அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு என்னமோ செய்தது.

கல்லூரியில் உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் மகள் ஒருத்தி எனக்குத் தோழியானாள். அவளிடம் கிடார் இருந்தது. டிரம்ஸ் அடிக்க வந்தவன், பட்டன், ஜிப் மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பையன். மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன், ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே பேஸ் கிடார் கற்றுக்கொண்டு சேர்ந்தான். நாங்கள் ஒத்திகை பார்த்தது திருப்பூரிலேயே மண்ணரை என்ற பகுதியில் டிரம்மரின் மாமா வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் குடோனில். சுற்றிலும் கூரை வரைக்கும் வெட்டுத்துணி மூட்டைகள். எவ்வளவு கத்தினாலும் சத்தம் வெளியே போகாது. லட்சங்கள் போட்டு ஸ்டூடியோ கட்டுகிறவர்களுக்குக்கூட அப்படி ஒரு சுவர் கிடைக்காது. தும்மல்தான் விடாது.

கல்லூரி விழாக்களில் ஆரம்பித்து, கோயம்புத்தூரில் காபி கடைகள், சின்ன அரங்குகள் என்று போனோம். முதல் மேடையில் பின்னாலிருந்து ஒருவன் “பாட்டு எப்பங்க ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டான். நாங்கள் பாடி முடித்திருந்தோம். இன்னொரு இடத்தில் ஒலிபெருக்கிக்காரர் டிரம்மரைப் பார்த்து, “பாடறது இந்தப் புள்ளையா? நீங்க பாடலீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போகப்போக நாலு பேர் எங்கள் பாட்டை மனப்பாடமாகப் பாட ஆரம்பித்தார்கள்.

அதில் எல்லோருக்கும் பிடித்த பாட்டு நான் அம்மாவை நினைத்து எழுதியது. ‘பேரு இருக்கு எனக்கு, பேரச் சொல்லிக் கூப்பிடு’ என்று பல்லவி வரும். கடைசியில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். நான் “பேரு?” என்று கத்துவேன். கூட்டம் அவரவர் பெயரைக் கத்த வேண்டும். கோயம்புத்தூரில் பையன்கள் நடிகர்களின் பெயரைக் கத்துவார்கள், பக்கத்திலிருப்பவனின் பட்டப்பெயரைக் கத்துவார்கள். சிரிப்பாக இருக்கும். ஒரு நாள் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. இந்தப் பாட்டு யாருக்காகவோ அவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. ஷோல்டர் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் முன்னால் ஷோல்டரைப் பற்றிப் பாடிக் கைதட்டல் வாங்குகிறேன்.

அதே சமயம் தோழிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கும் அலுப்புத் தட்டியிருந்தது. குடோனில் மூட்டை மேல் உட்கார்ந்து பேசினோம்.

“ஆயுத பூசை லீவு முடிஞ்சதும் நான் பதில் சொல்லோணும். இருக்கறதா, போறதா? நீயே சொல்லுடி,” என்றாள் தோழி.

“அம்மா கம்பெனி பூஜையில ஒரு தடவ பாடுவோம். அங்க தைக்கறவங்க உக்காந்து கேட்டா பேண்ட் இருக்கட்டும். எந்திரிச்சுப் போயிட்டா நான் மைக்கக் கீழ வெச்சிடறேன். அவங்களுக்கு வேண்டாத பாட்ட ஊர் ஊராப் பாடி என்ன பண்றது?”

பேஸ் வாசிப்பவன் சிரித்தான். “போண்டா குடுக்கையில யாரு பாட்டுக் கேப்பா? எந்திரிச்சுத்தான் போவாக.”

“போனாப் போகட்டும்,” என்றேன்.

வழக்கமாக வருகிற ஆர்கெஸ்ட்ராவுக்கு அந்த வருடம் வேறு இடத்தில் வாய்ப்பு. அதனால் புரொடக்ஷன் மேனேஜர் ஒத்துக்கொண்டார். “முதல்ல ஒரு சாமிப் பாட்டுப் பாடிருங்க அம்மிணி. அப்பறம் உங்க இஷ்டம்,” என்றார். அந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோதுதான் அம்மா வெங்காயத்தைக் கீழே வைக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாங்கள் மேடையில் பாடி அம்மா கேட்டதே இல்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது வேலை இருக்கும்.

பூஜை நாள் வந்தது. பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் பார்க்க வேண்டும். காலையிலிருந்து எல்லோருமாக மிஷின்களின் பஞ்சை ஊதி, எண்ணெய் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கத்தரிக்கோல், அயர்ன் பாக்ஸ், கட்டிங் டேபிள், ஆபீஸ் கம்ப்யூட்டர், வாசலில் நிற்கும் லாரி வரை எதுவும் தப்பாது. ஜிகினாத் தோரணம், வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி. பூஜைக்கு மிஷின்களை நிறுத்திவிட்டால் மறுநாள் வரை தொடமாட்டார்கள். மிஷின் சத்தமே இல்லாமல் அந்த ஹாலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்கள் பட்டுப்புடவையில், பூ வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலில் பேசுவதே அவர்களுக்கு அன்று ஒரு கொண்டாட்டம் போலிருந்தது. அம்மாவின் கேள்வி என்னை இன்னும் குத்தியது.

கன்டெய்னர் லாரிகள் நிற்கிற பின்கட்டு மைதானத்தில் மேடை. கோயில் விழாக்களுக்கு வருகிற மைக்செட்காரர்தான் ஒலிபெருக்கிக்கு. கிடாருக்கும் பேஸுக்கும் எங்களிடமே ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. டிரம்ஸுக்கு மைக் வேண்டியதில்லை. என் குரல் மட்டும் அவருடைய மைக் வழியாகப் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போய்த் திரும்பி வந்தபோது, எங்கள் வாத்தியங்களுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். டிரம்ஸில் சந்தனம், கிடாரில் குங்குமம். என் மைக்கின் கழுத்திலும் ஒரு பெரிய சந்தனத் தீற்றல், நடுவே குங்குமம். மைக்செட்காரர் பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாமிப் பாட்டு எனக்கும் தோழிக்கும் முழுசாகத் தெரியாது. டிரம்மர்தான் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தான். “மார்கழி முச்சூடும் எங்க தெரு முக்குல இதத்தான் போடறாங்க. தூங்க உட்டாத்தான?” என்றான். அந்தப் பாட்டுக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது.

அடுத்து எங்கள் பாட்டு ஒன்று. டிரம்ஸ் ஆரம்பித்ததும் முன்வரிசையில் சிலர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்கள். பாதியில் பின்னாலிருந்து ஆட்கள் எழுந்து பொரி கொடுக்கிற இடத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். வயதான டெய்லர் ஒருவர் மடியிலிருந்து பனியன் வேஸ்ட்டைக் கிழித்து, உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டவும் செய்தார். அம்மா நடுவரிசையில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பித் தோழியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி ஒரு பாட்டுத்தான். பெயர்ப் பாட்டு. அதையும் பாடிவிட்டு இறங்கிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முதல் பல்லவி ஒழுங்காகத்தான் போனது. ‘பேரு இருக்கு எனக்கு’ என்றதும் எழுந்து நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் சரணத்துக்குள் போனேன். பின்னால் டிரம்ஸ் அடிக்கும்போது என் குரல் எனக்கு எப்போதுமே கேட்காது. எங்களுக்குக் கிடைக்கிற மேடைகள் அப்படி. தொண்டை அதிர்வதை வைத்துத்தான் பாடுகிறேன் என்று தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ மாறியது. போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பொரி வாங்கியவர்கள் பொரியோடு திரும்பி வந்தார்கள். எல்லோரும் முன்னால் குனிந்து கூர்ந்து பார்க்கிறார்கள். என் கண்ணைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்றுதான் முதலில் பயந்தேன்.

அப்போது அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் உதடு அசைந்தது. எங்கள் ஒற்றை அறையில் அப்பா தூங்கும்போது அசையுமே, அதே மாதிரி.

‘கண்ணு, சத்தம் வரல.’

எப்போதிலிருந்து வரவில்லை? மைக்கைத் தட்டினேன். ஒன்றுமில்லை. கையைத் தூக்கி வாத்தியங்களை நிறுத்தப் போனேன். அம்மா பாதி எழுந்துவிட்டார்.

‘நிறுத்தாத. பாடு. நாங்க பாக்கறோம்.’

பக்கத்திலிருந்த பெண்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி தன் வாய்க்கு முன்னால் கையை வைத்து விலக்கிக் காட்டினாள். மைக் மறைக்கிறது, நகர்த்து என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே உதட்டைப் படிப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. எங்கள் டிரம்ஸும் கிடாரும் அவர்களுக்கு இன்னொரு மிஷின் ஹால். அதற்குள் நான் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மைக் ஸ்டாண்டைத் தள்ளி வைத்தேன். மேடை விளிம்புக்கு வந்தேன். வார்த்தையை விழுங்காமல், வாயை நன்றாகத் திறந்து, அம்மாவோடு பேசுவது போலப் பாடினேன். ‘தோளு தச்சேன், தோளு தச்சேன், என் தோளு வலி யாரு தச்சா’ என்று ஒரு வரி. அதை முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் உதட்டில் சொல்லிப் பார்த்தாள். பக்கத்திலிருப்பவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். காதில் துணி அடைத்த டெய்லர் அதை எடுக்கவே இல்லை. துணியோடேயே என் உதட்டைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டார்.

பல்லவி வந்தது. நான் வாயைத் திறந்தேன். குரல் அவர்களிடமிருந்து வந்தது. முதலில், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற செக்கிங் பெண்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு. அடுத்த வரியில் மைதானம் முழுக்க. ‘பேரு இருக்கு எனக்கு, பேரச் சொல்லிக் கூப்பிடு.’ டிரம்ஸைத் தாண்டிக் கேட்டது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பின்னாலிருந்த மூவரும் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

அந்த இடம் வந்தது. எல்லா வாத்தியமும் நின்றது. “பேரு?” என்று கத்தினேன்.

மிஷின்களும் இல்லை, பாட்டும் இல்லை. சூப்பர்வைசர்கள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. தப்பான இடத்தில் தப்பான பாட்டைப் பாடிவிட்டோம் என்று நினைத்தேன்.

முதலில் கத்தியது கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசாப் பெண். அவளுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. பாட்டின் அர்த்தமும் புரிந்திருக்காது. ‘பேரு’ என்ற ஒரு சொல் மட்டும் தினமும் அட்டெண்டன்ஸில் கேட்டுப் பழக்கம். எழுந்து நின்று தன் பெயரைக் கத்தினாள். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நாலா பக்கமும் பெயர்கள். சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு மறுபடி கத்திக்கொண்டு. “எக்கா, உம்பேரு இதுவா?” என்று பக்கத்தில் பல வருடம் தைத்தவர்களே கேட்டுக்கொண்டார்கள். நாற்காலியிலிருந்த சூப்பர்வைசர் ஒருவரும் தன் பெயரைச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தக் கூச்சலில் அம்மாவின் குரல் எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தேன். தன் பெயரைச் சொன்னார். கத்தினாரா, மெதுவாகச் சொன்னாரா என்று தெரியாது. வீட்டில் அப்பா ‘ஏ புள்ள’ என்பார், நான் அம்மா என்பேன், கம்பெனியில் ஷோல்டர். தன் பெயரைத் தானே சொல்லி நான் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதை இங்கே எழுத எனக்கு ஆசை. எழுதட்டுமா என்று கேட்டேன். “வேண்டாங்கண்ணு. அத நானே சொல்லிக்கறேன்,” என்றுவிட்டார்.

பாட்டு முடிந்து, கூட்டம் போண்டாவுக்குக் கலைந்தபோது, மைக்செட்காரர் கொதித்துப்போய் மேடையில் உட்கார்ந்து மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுவிட்சுக்குள்ளே பன்னீரில் குழைத்த சந்தனம் வழிந்து இறங்கியிருந்தது.

“யாருங்க இது? மைக்குக்குள்ள சந்தனத்தக் கொண்டுபோய் அப்பி வெச்சது? இதென்ன மாட்டுக் கொம்புங்களா?” என்று மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

அவரில்லை என்றால் வேறு யார் என்று நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். தூரத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். முகத்தை ஒன்றும் தெரியாதவர் போல வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார்.

‘நாந்தான் கண்ணு. சொல்லிப்போடாத.’

நான் சொல்லவில்லை. மைக்செட்காரரிடம் நானே மன்னிப்புக் கேட்டுச் சமாதானப்படுத்தினேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். “எதுக்கும்மா மைக்குக்குப் போயி வெச்சே? என் பாட்டே உனக்குப் புடிக்காதே.”

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். “புடிக்கறது வேற. என்ற மிசினுக்கு வெச்சேன். உன்ற மிசினு மட்டும் மூளியா நிக்கோணுமா?” கொஞ்ச தூரம் போய், “காதெல்லாம் கொய்யுங்குது. மைக்கு போனதுக்கப்பறந்தான் பாட்டு நல்லாருந்துது,” என்றார்.

அன்றைக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த ஹாலில் இன்னும் ‘ஷோல்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாலைந்து பேர் மட்டும் சிரித்துக்கொண்டாவது பெயரைச் சொல்கிறார்களாம். தோழி பெங்களூர் வேலைக்குப் போனாள். ஆனால் பேண்டை விடவில்லை. சனிக்கிழமை பஸ் பிடித்து நேராக மண்ணரை குடோனுக்கு வந்துவிடுகிறாள். அந்த வருடத்திலிருந்து கம்பெனி பூஜைகள், உடுமலையில் ஒரு கல்யாண வீடு, வேலம்பாளையத்தில் ஒரு ஹாஸ்டல் விழா என்று எங்களைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். எழுந்து போகிறவர்கள் இப்போதும் உண்டு. போகட்டும்.

புதுப் பாட்டு எழுதினால் முதலில் அம்மா முன்னால் உட்கார்ந்து குரலே இல்லாமல் பாடிக் காட்டுகிறேன். அம்மா உதட்டைப் பார்ப்பார். புரியாத இடத்தில் கையைத் தூக்குவார். அந்த வரியை அடித்துவிடுகிறேன். படித்த பெண்ணான எனக்குச் சத்தத்தைக் கூட்டினால்தான் என் பேச்சு எடுபடும் என்ற எண்ணம் வெகுநாள் இருந்தது. என் குரல் போன பிறகும் என்னை விடாமல் கேட்டவர்களை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம், யார் உதட்டை நான் இப்படிக் கவனித்திருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் எங்கள் பேண்டுக்கென்று ஒரு கறுப்பு டி-ஷர்ட் பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன். பேஸ் வாசிப்பவனின் பட்டறையில்தான். தோள் தைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் திறந்த வாய் ஒன்று. முதுகில் மேலே மண்ணரை, அடுத்து வேலம்பாளையம், அதற்கடுத்து உடுமலைப்பேட்டை. “அதுக்குக் கீழ என்ன போட?” என்று அவன் கேட்டான். இடுப்பு வரைக்கும் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.